மண்ணுக்குள் ஒரு கல்லாப்பெட்டி

பழங்காசு தேடும் பொழுதுபோக்கும் வணிகர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டமும்

தீபாவளி நெருங்கிவிட்டால் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் மெட்டல் டிடெக்டரைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பெரிய கடைகளின் வாசலில் கதவுச் சட்டம் போல் நிற்கும். காவலரின் கையில் சிறு மட்டை போலவும் இருக்கும். சாவிக்கொத்துக்கும் அது கத்தும், சட்டைப் பையிலுள்ள சில்லறைக்கும் கத்தும். நமக்கு அது பாதுகாப்புச் சாதனம். ஆனால் மேல்நாடுகளில் இதே கருவியை ஒரு நீண்ட கோலின் முனையில் பொருத்திக்கொண்டு, விடுமுறை நாட்களில் வயல்வெளியிலும் கடற்கரையிலும் நடந்து, மண்ணுக்குள் கிடக்கும் பழைய நாணயங்களைத் தேடுவது பல்லாயிரம் பேருக்குப் பொழுதுபோக்கு.

இந்தக் கருவியை இன்று நம் ஊரிலேயே வாங்கலாம். "நாமும் தேடிப் பார்த்தால் என்ன?" என்று கேட்கும் இளைஞர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், கருவியே இல்லாமல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த காசை, "அண்ணாச்சி, இது எவ்வளவு பெறும்?" என்று முதலில் நம் கடைக்குத்தான் கொண்டுவருகிறார்கள். எனவே இந்த விஷயத்தில் வணிகர்களாகிய நாம் தெளிவாக இருப்பது நல்லது.

கருவி செய்யும் வேலை

கோலின் அடியில் இருக்கும் வட்டமான தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்சாரம் ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலத்துக்குள் ஓர் உலோகம் வந்தால், அந்த உலோகத்திலும் சிறு மின்னோட்டம் சுழல ஆரம்பிக்கும். கருவி அதை உணர்ந்து ஒலி எழுப்பும். அவ்வளவுதான் தத்துவம். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், 1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க இதே முறையில் ஒரு கருவி செய்தார். அந்த முயற்சி பலிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி தேட இக்கருவி நன்றாக உதவியது. போருக்குப் பின் காசு தேடுபவர்கள் கைக்கு வந்தது.

ஒற்றை நாணயம் என்றால் பொதுவாக ஒரு சாண் ஆழம் வரையில்தான் சாதாரணக் கருவி காட்டும். காட்டுவதெல்லாம் காசும் அல்ல. ஆணி, சோடா மூடி, தகரத் துண்டு எல்லாவற்றுக்கும் ஒலிக்கும். பெசன்ட் நகர், மெரினா போன்ற கடற்கரைகளில் உப்புநீர் ஊறிய மணலே சில கருவிகளைக் குழப்பிவிடும். ஒரு நாள் முழுக்க நடந்து நாலு சோடா மூடியோடு வீடு திரும்புவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் வழக்கமான வரவு.

சுத்தியலைத் தேடியவருக்குக் கிடைத்தது

இருந்தாலும் எப்போதாவது ஓர் அதிசயம் நடக்கத்தான் செய்கிறது. 1992 நவம்பர் 16ஆம் தேதி இங்கிலாந்தில் ஹாக்ஸன் என்ற கிராமத்தில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அதைத் தேட நண்பர் எரிக் லாஸ் மெட்டல் டிடெக்டரோடு வந்தார். கருவி ஒலித்த இடத்தில் தங்கமும் வெள்ளியுமாக வந்தது. கொஞ்சம் எடுத்துப் பார்த்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். தொல்லியல் துறையினர் வந்து முறையாக எடுத்தார்கள். ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்து நாணயங்கள் ஏறக்குறைய 15,000. தங்க நகைகளும் வெள்ளிக் கரண்டிகளும் தனி. அரசு அவருக்கு 17.5 லட்சம் பவுன் வெகுமதி கொடுத்தது. அவர் அதை விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டியது, அவர் தோண்டுவதை நிறுத்திய அந்த நேரத்தைத்தான். ஆசைப்பட்டு வாரிப் போட்டுக்கொண்டிருந்தால், எந்தப் பெட்டியில் எந்தப் பொருள் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். கிடைத்தது கிடைத்தபடியே இருந்ததால்தான் அதன் வரலாறும் கிடைத்தது.

நம் ஊர் மண்ணில்

நம் சென்னை மண்ணும் இதற்குச் சளைத்ததல்ல. மாம்பலத்தில் கிடைத்த ஒரு காசுக் குவியலில் முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றோடு ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் வெள்ளிக் காசு ஒன்றும் இருந்தது. அகஸ்டஸ் இறந்தது கி.பி. 14ஆம் ஆண்டு. இன்று புடவைக்கும் பாத்திரத்துக்கும் கூட்டம் அலைமோதும் அதே வட்டாரத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்த காசு புழங்கியிருக்கிறது என்றால் நமக்கெல்லாம் பெருமைதானே!

தியாகராய நகரின் பெரும்பகுதி, 1920களில் நகரம் அமைக்கத் தூர்த்த நீண்ட ஏரியின் படுகை. சாந்தோமும் மயிலையும் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் குடியேறி வாணிபம் செய்த இடம். அடையாற்றங்கரையில் 1746 அக்டோபரில் பிரெஞ்சுக்காரரின் சிறு படை ஆற்காட்டு நவாபின் பெரும்படையை முறியடித்தது. இத்தனையும் நடந்த மண்ணில் காசும் இரும்பும் கிடப்பதில் வியப்பில்லை. இன்று மயிலாப்பூரில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். பனகல் பூங்கா, மயிலை, அடையாறு என்று மெட்ரோ ரயிலுக்காகவும் பூமியைக் குடைந்திருக்கிறார்கள். நம் காலத்தில் தோண்டியதைப் போல இந்த ஊர் முன்னெப்போதும் தோண்டப்பட்டதில்லை.

நம் ஊருக்கு வரவேண்டிய சில்லறை கடலுக்குள் போன கதையும் உண்டு. அந்தக் காலத்தில் சென்னையில் வராகன், பணம், காசு என்பதுதான் கணக்கு. ஒரு பணத்துக்கு 80 காசு. சில்லறைத் தட்டுப்பாட்டுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தின் சோஹோ நாணயச் சாலையில் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை அடித்து இங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. 1808ஆம் ஆண்டு பொறித்த இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்டினர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே புயலில் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். நம் கொத்தவால் சாவடியிலும் மயிலாப்பூர்க் கடைவீதியிலும் மிளகுக்கும் புளிக்கும் கைமாறியிருக்க வேண்டிய சில்லறை, இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்களின் அட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மேல்நாட்டுக் கதையைப் படித்துவிட்டு யாரும் கருவியைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. நம் நாட்டில் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு சேர்ந்த கட்டடத்திலோ மறைந்து கிடந்த மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையலே. பழைய வீட்டுச் சுவரை இடிக்கும்போது வந்தாலும் அப்படித்தான். அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்நாளில் 10 ரூபாய் பெரிய தொகை. இன்று ஒரு டீயின் விலையே அதைத் தாண்டிவிட்டது. ஆகவே ஏறக்குறைய எல்லாமே இதில் அடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது காட்டுவதாக ஜாமீன் கொடுக்க வேண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோரை விசாரிப்பார். இந்த விசாரணைக்கு அறிவிப்பிலிருந்து 4 முதல் 6 மாதத்துக்குள் நாள் குறிப்பார்கள். புதைத்தவரோ அவர் வாரிசோ இல்லை என்று ஆகிவிட்டால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. அவர்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

நம் வழக்கப்படி கணக்குப் போட்டே பார்ப்போம். கிடைத்த காசுகளின் உலோக மதிப்பு 1 லட்சம் ரூபாய் என்றால் அரசு தர வேண்டியது 1 லட்சத்து 20 ஆயிரம். கண்டெடுத்தவருக்கு 90 ஆயிரம், நிலத்துக்காரருக்கு 30 ஆயிரம். அதையே ஒளித்து உருக்குபவரிடம் கொண்டுபோனால் சேதாரம், கழிவு, "ரசீது உண்டா?" என்ற மிரட்டல் எல்லாம் போக, கையில் பாதி தேறினால் பெரிது. அகப்பட்டாலோ பங்கு முழுவதும் போய்விடும். ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. மறைத்த பொருளைத் தெரிந்தே வாங்கியவரையும் விசாரணை சும்மா விடாது.

இன்னொரு சட்டம், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். 100 ஆண்டுகளுக்குக் குறையாத நாணயம் அதன்படி தொல்பொருள். அதைத் தொழிலாக வாங்கி விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கபாலி கோயிலைப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு பழங்காசை நல்ல விலைக்குக் கொடுத்தோம் என்று மகிழ்ந்தால், விமான நிலையத்தில் அவர் மாட்டுவார், பின்னாலேயே நாமும் மாட்டுவோம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதும் குற்றம். மகள் கடற்கரையில் தொலைத்த மோதிரத்தைக் கருவி வைத்துத் தேடுவதில் தவறில்லை. பிறர் தொலைத்த மோதிரம் கிடைத்தால் அது புதையல் ஆகாது. உரியவரிடம் சேர வேண்டும், தெரியாவிட்டால் காவல் நிலையத்தில் சேர வேண்டும்.

முறையாக நடந்த உதாரணமும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் இடத்தைச் சுத்தம் செய்து தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. எடை 1.716 கிலோ. கண்டவர்கள் சொன்னார்கள், அதிகாரிகள் வந்து எண்ணினார்கள், காசுகள் கருவூலத்துக்குப் போயின. ஒரு காசும் உருக்குக் குகைக்குப் போகவில்லை.

கிடைத்த இடமே பாதி விலை

கரூரில் அமராவதி ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தபின் மணலைச் சலித்துப் பழங்காசு எடுப்பவர்கள் பல காலமாக உண்டு. எந்திரம் இல்லை, சல்லடைதான். அங்கே கிடைத்த ரோமக் காசுகளும் சேரர் காசுகளும்தான், கரூர் ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய வாணிப நகரம் என்பதற்குச் சாட்சி சொல்கின்றன.

'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் பழங்காசு வியாபாரிகளிடமிருந்து வாங்கிய செப்புக் காசுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர். பழைய செம்பு என்று எடைக்குப் போயிருக்கக் கூடிய ஒரு காசில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பாண்டியன் பெயரை அவர் 1980களில் படித்தார். சங்க காலத் தமிழ் மன்னர்கள் தங்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்ற சந்தேகம் அதோடு தீர ஆரம்பித்தது. ஒரு காசு, ஒரு நாட்டின் வரலாற்றையே திருத்தியது.

மாம்பலத்துக் குவியலையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதிலிருந்த அகஸ்டஸ் காசு தனியாகக் கடைக்கு வந்திருந்தால் அது ஒரு ரோமக் காசு, அவ்வளவுதான். முத்திரைக் காசுகளோடு ஒரே இடத்தில் இருந்ததால், அந்த முத்திரைக் காசுகள் எந்தக் காலம் வரை கையிருப்பில் இருந்தன என்பதற்கு ஒரு தேதி கிடைத்தது. சரக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாத மூட்டையை நாம் எப்படிச் சந்தேகத்தோடு பார்ப்போமோ, அப்படித்தான் கிடைத்த இடம் தெரியாத காசை அறிஞர்கள் பார்க்கிறார்கள்.

கடைக்கு வரும் பழங்காசு

சட்டத்துக்கு உட்பட்டே இந்தப் பொழுதுபோக்கை அனுபவிக்க வணிகருக்கு வழி இருக்கிறது. பாட்டன் காலத்து இரும்புப் பெட்டியையும் பரண்மேல் கிடக்கும் தகர டப்பாவையும் திறந்து பார்த்தாலே போதும்.

விக்டோரியா ராணி, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். சரியாக ஒரு தோலா. அதனால்தான் நம் முன்னோர் தட்டில் எடைக்கல்லுக்குப் பதில் ரூபாயைப் போட்டார்கள். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆறாம் ஜார்ஜ் காலத்தில், 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கல். அதைக் காந்தம் இழுக்கும். வெள்ளியைக் காந்தம் இழுக்காது. விக்டோரியா ரூபாய் என்று ஒருவர் நீட்டும் காசு காந்தத்தில் ஒட்டினால், மேலே பேச வேண்டியதில்லை. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா எல்லோர் வீட்டிலும் இருக்கும். அது நினைவுப்பொருள்; அதில் பெரிய விலையை எதிர்பார்க்க வேண்டாம்.

காசைப் போலவே பழைய எடைக்கற்களும் படிகளும் இன்று தேடப்படும் பொருள்கள். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்று இரும்பிலும் பித்தளையிலும் நம் கடைகளில் இருந்தவை, 1958இல் மெட்ரிக் முறை வரத் தொடங்கியபின் பெரும்பாலும் காயலான் கடைக்குப் போய்விட்டன. மிச்சமிருந்தால் வீட்டில் வைத்துப் போற்றுங்கள். கடையில் தராசுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். முத்திரை ஆய்வாளருக்குப் பதில் சொல்ல நேரும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. மண்ணில் கிடைத்ததாகச் சொல்லி யாராவது காசு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். சட்டத்தையும் பங்கு விவரத்தையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். தாசில்தார் அலுவலகம் வரை துணைக்குப் போனால் இன்னும் நல்லது.

2. கிடைத்த இடம், ஆழம், தேதி ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பானையில் இருந்தால் பானையின் ஓட்டையும் எறிய வேண்டாம்.

3. புளி விற்பவர்கள் நாம்தான். ஆனாலும் பழங்காசைப் புளி போட்டோ, எலுமிச்சம் பழத்தாலோ, விளக்குப் பொடியாலோ தேய்க்காதீர்கள். மேலே படிந்த களிம்பு நூற்றாண்டுகள் போட்ட போர்வை. பளபளத்த காசைச் சேகரிப்பாளர் பாதி விலைக்கும் கேட்க மாட்டார்.

4. சந்தேகம் இருந்தால் 1851இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயவியல் பிரிவை அணுகலாம். மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் அமைப்புகளும் நகரில் உள்ளன.

5. "டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்ச ரூபாய்" என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கமிஷன் என்று கறந்துவிட்டு மறைந்துபோவார்கள். பழைய நோட்டு, நாணய விற்பனைக்குத் தங்கள் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

6. அரிசியை இழுக்கும் செப்புக் கலசம், இரிடியம் என்று கோடிக்கணக்கில் ஆசை காட்டும் கூட்டம் வணிகர்களைத்தான் முதலில் தேடி வருகிறது. அரிசியில் இரும்புத் துகளும் கலசத்தில் காந்தமும் வைத்தால் எந்தக் கலசமும் அரிசியை இழுக்கும். காலமெல்லாம் அரிசி அளந்த நம்மிடமே இந்த வித்தையா என்று கேட்டு அனுப்பிவிடுங்கள்.

புதையல் ஆசை படித்தவர்களையும் விடுவதில்லை. 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டத்தில், ஒரு சாமியார் கண்ட கனவில் ஆயிரம் டன் தங்கம் இருந்தது என்ற பேச்சு பரவ, மத்திய தொல்லியல் துறையே அங்கே தோண்டியது. தங்கம் கிடைக்கவில்லை. கனவுக்கு முதலீடு செய்தால் இதுதான் லாபம்.

மண்ணுக்குள் கிடக்கும் காசு யாரோ ஒரு வணிகன் பயத்தில் புதைத்தது, அல்லது அவசரத்தில் தவறவிட்டது. அவன் திரும்பி வந்து எடுக்கவில்லை. அவன் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அவன் விட்டுப்போன பேரேட்டில் மிஞ்சிய ஒரே வரி அந்தக் காசுதான். அதை உருக்கிவிட்டால் அந்த வரியும் போய்விடும். காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது. நாளை ஒரு தொழிலாளி மண் ஒட்டிய கையோடு வந்து நம் கடை மேசையில் ஒரு பழங்காசை வைத்தால், இரண்டு நாணயத்தையும் காப்பாற்றிக் கொடுக்கும் வாய்ப்பு நமக்குத்தான் முதலில் வருகிறது.